கழிவு இல்லை

சிங்காநல்லூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர்: நிக்கல் முலாம் பட்டறைக்காரர் ஒருவர், புதுவீடு கட்டும் அவர் மச்சான் மற்றவர்.

"நாட்டுல விஷக்கழிவு கொறஞ்சுபோச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்க மாமா."

"கொறையாம? வருசாவருசம் கவர்மென்ட் ஃபாரத்துல 'கழிவு இல்லை'ன்னு எழுதிக் குடுக்கறமே. எல்லாப் பட்டறைக்காரனும் அதேதான் எழுதறான்."

"அப்ப முலாம் தொட்டிக்கு அடியில தேங்கற பச்சைச் சேறு?"

"காஞ்சா அது மண்ணுதானுங்க மாப்ளே."

"அந்த மண்ண என்னங்க பண்ணுவீங்க?"

"கேக்கறவங்களுக்குச் சும்மா குடுத்துப்போடுவேன்."

மச்சான் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"போன மாசம் எங்கூட்டுக் குடிதண்ணிக் கெணத்தச் சுத்தி மேடாக்க ரெண்டு லோடு மண்ணு அனுப்புனீங்களே மாமா?"

"அதுக்கு லாரி வாடகைகூட நான் கேக்கலையே, மாப்ளே."