தாயின் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி

லியோனாவின் இந்தப் பிரிவுபசார விழாவுக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய தலைமையாசிரியர் கெஸ்லிங் அவர்களே! நெப்ராஸ்கா நெடுவயல்களைக் கடந்து வந்திருக்கும் பள்ளிக்குழுப் பெரியோர்களே! பிள்ளைகளின் கையில் வாத்தியம் கொடுத்து எங்களை நம்பி அனுப்பிய தாய்மார்களே! முன்வரிசையில் மகள் லியோனாவோடு அமர்ந்திருக்கும் அன்னை ஆர்லீன் அவர்களே! அனைவருக்கும் என் தாழ்மையான வணக்கம்.

நானும் லியோனாவும் இப்பள்ளியின் இசை ஆசிரியர்கள். மாநிலக் காவல்படையில் டிரம்பெட் என்னும் கொம்பு ஊதும் பகுதிநேர வீரர்கள். பள்ளி கேட்டது, கொடுத்தோம். படை கேட்டது, கொடுத்தோம். வீடு கேட்கவில்லை, வீட்டுக்குக் கேட்கத் தெரியவில்லை.

சென்ற அக்டோபரில் லியோனாவின் தந்தை மறைந்தார். பழைய படைவீரர். படைவீரரை அடக்கம் செய்கையில் கொம்பிசை ஒலிக்க வேண்டும். ஊத ஆளில்லாத ஊர்களுக்கு இப்போது ஒரு பொய்க்கொம்பு போகிறது. உள்ளே ஒலிப்பெட்டி, உதட்டில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் போதும். படுக்கையில் கிடந்தபடி அவர் மகளிடம் சொல்லியிருந்தார்: "அந்தப் பொத்தான் கொம்பு எனக்கு வேண்டாம் கண்ணு. அலாரம் அடிக்கிற மாதிரி இருக்கும். மூச்சு விடுற ஆளு ஊதணும்."

ஊத நான் இருந்தேன். இருவரும் விடுப்புக் கேட்கப் போனோம். அடக்கம் முற்பகலில், அன்று மாலையே பள்ளியில் இசை நிகழ்ச்சி. தலைவர் அவர்கள் என்ன சொன்னார்கள்? அவர்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

"ஒருத்தரைத்தான் விட முடியும். ரெண்டு பேரும் போயிட்டா ஒத்திகையை நானா நடத்துறது? அதான் லியோனாவுக்கே ஊதத் தெரியுமே."

சிரிக்காதீர்கள் நண்பர்களே. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஊதத் தெரியும்! ஆனால் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா? ஊதுபவர் துக்கக் குடும்பத்தோடு நிற்பதில்லை. தொலைவில், கல்லறைகளுக்கு அப்பால், தனியே நிற்க வேண்டும். அழவும் கூடாது, அழும் உதடு ஊதாது. மகள் மரத்தடியில் சீருடையில் நின்றாள். சவப்பெட்டியருகே தாய், தாயின் பக்கத்தில் காலி நாற்காலி. பெட்டிமேல் போர்த்திய தேசியக் கொடியை மடித்து அன்னையின் மடியில் வைத்தபோதும் அது காலிதான். மாலையில் அதே மகள் இந்த மேடையில் பிள்ளைகளின் இசைக்குழுவை நடத்திக் கோலசைத்தாள். நீங்கள் கைதட்டினீர்கள்.

அன்னை ஆர்லீன் பிறகு என்னிடம் சொன்னார்: "நல்லாத்தான் ஊதுனா தம்பி. எனக்குப் பிடிச்சுக்க ஒரு கை இல்ல, அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! பள்ளிக்கும் படைக்கும் நடுவே ஒரு மகள் மகளாக இருக்க இடமில்லையா? அவள் மாளிகை கேட்டாளா? மாலை மரியாதை கேட்டாளா? ஒரு முற்பகல் கேட்டாள். அதுவும் நான் வந்து ஊதுவதற்காகக் கேட்டாள். கிடைக்காததால் பள்ளியையும் விட்டாள், படையையும் விட்டாள். இனி எத்தனை விழா எடுத்தாலும் அந்த முற்பகலைத் திருப்பித் தர நம்மில் யாரால் முடியும்?

இன்றைய நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியைப் பாருங்கள். பிரிவிசை, வாசிப்பவர் லியோனா. தன் பிரிவுக்கும் அவளே ஊத வேண்டுமாம். தலைவர் அவர்களே, அந்த வரியை நான் அடித்துவிட்டேன்.

"லியோனா, எழுந்திருக்காதே. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காரு. இன்னைக்கு நான் ஊதுறேன்."

செவிகொடுத்த சபைக்கு நன்றி. பெற்று வளர்த்தவருக்கும் பிரிந்து செல்பவளுக்கும் என் வணக்கம்.