சின்னவனுக்கு முதல்ல போடுங்க

எங்கே போனாலும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பது என் பழக்கம், ஐயா. இங்கே அழைத்து வந்தபோதுகூட உங்கள் வாசல் பூந்தொட்டியில் கை வைத்தேன். காவலர் தட்டிவிட்டார். நல்ல மண், வீணாகிவிட்டது.

மழை விழுந்ததும் கிளம்புமே ஒரு வாசனை, அதைக் கிளப்புவது ஆக்டினோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள். மண் ஆய்வுக்கூடத்தில் என் பிழைப்பே அவற்றோடுதான். பாக்டீரியாதான், ஆனால் பூஞ்சை மாதிரி நூல் விட்டு வளரும். தோட்டத்து மண்ணைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் பரப்பிப் பொறுமையாக இருந்தால் போதும். வெள்ளை, சாம்பல், மஞ்சள், ரோஜா நிறமென்று சுண்ணாம்புப் பொடி தெளித்தாற்போல் பொட்டுப் பொட்டாக எழும்பும். கரையான் புற்றில் ஒரு வகை, ஆற்று மணலில் ஒரு வகை, வேரடியில் வேறொரு வகை. காசநோய்க் கிருமியும் இந்தக் குலம்தான், அதை விரட்டக் கிடைத்த முதல் மருந்தைச் சுரந்ததும் இந்தக் குலம்தான். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, மன்னிக்க வேண்டும். சந்தோஷத்தை அடக்க எனக்குத் தெரியாது.

என் மனைவிக்கு இரண்டு தம்பிகள். இரட்டையர். சில நிமிடம் முந்திப் பிறந்ததால் ஒருவன் பெரியவன், மற்றவன் சின்னவன். அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். கல்யாணப் பேச்சு நடந்த அன்று பெண்ணைவிட அவர்களைப் பார்த்துத்தான் நான் பூரித்துப்போனேனாம். என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். செய்துகொண்டிருந்தாள்.

இருவரும் சேர்ந்து நாற்றுப்பண்ணை நடத்தினார்கள். ஒரு பருவத்தில் தக்காளி நாற்றுகளுக்கு வாடல் நோய் வந்தது. பெரியவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நான் வேரடி மண்ணில் கண்டெடுத்த ஒரு வகையைப் பெருக்கிக் கொண்டுபோய் ஒரு பக்கத்துப் பாத்திகளுக்கு மட்டும் ஊற்றினேன். அந்தப் பக்கம் தப்பியது, மறுபக்கம் சருகானது. சின்னவன் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினான். "அத்தான், நீங்க சாதாரண ஆளே இல்ல" என்றான். பண்ணையில் இருந்த அத்தனை பேரும் ஈரக் காலோடு கூத்தாடினோம். என் வாழ்நாளில் அப்படி ஒரு நாள் இல்லை.

வாடல் நோய் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு சாக்கு நோய் மண் என் வண்டியில்தான் வந்தது. நோயே இல்லாத இடத்தில் மருந்தை எப்படிச் சோதிப்பது?

அதே வகை இன்னொரு வித்தையும் காட்டியது. தட்டில் சீழ்க் கிருமியைப் பரப்பி நடுவில் இதை வைத்தால், சுற்றிலும் ஒரு கிருமிகூட மிஞ்சாமல் வட்டமாக வெற்றிடம் விழும். அந்தச் சுரப்பைப் பிரித்துக் களிம்பில் சேர்த்தேன். துறைத் தலைவரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "தட்டுல எல்லாம்தான் சாகும். மருந்து போட்ட ஆளையும் போடாத ஆளையும் பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. அதுக்கு அனுமதி, குழு, அது இதுன்னு காலம் ஆகும்" என்றார்.

காலம் எதற்கு? ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே வேலை. ஒப்பிட்டுப் பார்க்கவென்றே கடவுள் செய்து அனுப்பிய ஜோடி என் வீட்டிலேயே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ரோஜாச் செடிகளைக் கிளை நறுக்கிக் கவாத்து செய்து இருவர் கையிலும் எப்போதும் முள் கீறல். ஆளுக்கு ஒரு ஜோடி தோல் கையுறை வாங்கிக் கொடுத்தேன். என் மனைவி உருகிவிட்டாள். "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டான்" என்றாள். கையுறைகளின் உட்புறத்தில் அந்தச் சீழ்க் கிருமியைத் தடவி நான் ஆய்வுக்கூடத்திலேயே தயார் செய்திருந்தேன். இரண்டு ஜோடிக்கும் ஒரே அளவு. பாரபட்சம் பார்க்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கைகள் வீங்கின, காய்ச்சல் வந்தது. இருவரும் என்னிடம்தான் வந்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் களிம்பு என்று நான் தீர்மானிக்கக் கூடாது, அது நியாயம் இல்லை. அதனால் "யாருக்கு முதல்ல போடட்டும்?" என்று மட்டும் கேட்டேன். பெரியவன் தம்பியின் முழங்கையைப் பிடித்து என் பக்கம் நகர்த்தினான்.

"சின்னவனுக்கு முதல்ல போடுங்க, அத்தான். அவன் வலி தாங்க மாட்டான்."

போட்டேன். பிறகு பெரியவனுக்கு மற்ற டப்பாவிலிருந்து போட்டேன். நிறமும் மணமும் ஒன்றாக இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சின்னவன் கை மளமளவென்று வற்றியது. விரலை மடக்கி நீட்டிக் காட்டினான். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஆடினேன். பெரியவனுக்குச் சிவப்பு தோள்வரை ஏறியிருந்தது. "எனக்கும்தானே போட்டீங்க, எனக்கு மட்டும் ஏன் கேக்கல, அத்தான்?" என்றான். "கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்றேன். பாதியில் நிறுத்தினால் செய்தது அத்தனையும் பாழ். என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று அழுதாள். அவளைச் சமாதானம் செய்தது நான் இல்லை, சின்னவன். "என் கையைப் பாருக்கா. அத்தான் மருந்து என்னைக் காப்பாத்தலையா? அவனையும் காப்பாத்தும்" என்றான்.

அவன் பேச்சை அவள் கேட்டாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது பெரியவன் யாரையும் அடையாளம் காணும் நிலையில் இல்லை. விடிவதற்குள் போய்விட்டான். மருந்து தீர்ந்துபோனதால்தான் அப்படி ஆனது என்று தப்பாக நினைக்காதீர்கள். டப்பாவில் இன்னும் பத்துப் பேருக்குப் போடுகிற அளவு இருக்கிறது.

முடிவை நானேதான் துறைத் தலைவரிடம் துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர்தான் உங்களை அழைத்தார். பொறாமை யாரை விட்டது?

அவ்வளவுதான், ஐயா. எல்லாம் நான் செய்தது, வேறு யாருக்கும் பங்கு இல்லை. சின்னவன் வெளியே வந்து நிற்கிறானாம். இரண்டு காவலர்கள் சேர்ந்து பிடித்தும் அடங்காமல் என் பெயரைச் சொல்லிக் கத்துகிறானாம். பாவம், தனக்கு உயிர் கொடுத்தவனை நேரில் பார்த்து நன்றி சொல்லாமல் போக அவனுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் உள்ளே விடுங்கள்.