வெறும் புள்ளிகள்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு புழுத்துப் போகட்டும். எழுதிக்கொள்ளுங்கள். சுத்தம் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். மற்றபடி சாது.

அச்சகத்தில் எனக்கும் பிழை திருத்துபவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். காலையில் அவர் அதில் உட்காருவார், நான் எதிரே தாள் மடிப்பேன். மதியத்துக்கு மேல் நான் உட்காருவேன். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்பதால் அவருக்குப் புள்ளி அண்ணன் என்று பெயர். நல்ல மனிதர். எச்சில்தான் அதிகம். கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்புவார். அதே விரலால் ஸ்பேஸ்பாரைத் தட்டுவார். நடுநடுவே பேனா மூடியால் காதைக் குடைந்து, வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மேசை ஓரத்தில் தேய்ப்பார். நான் போய் உட்காரும்போது கீபோர்டு வெதுவெதுவென்று இருக்கும். ஒருநாள் அதில் வந்து உட்கார்ந்த ஈ, கிளம்பும்போது இரண்டு காலை அங்கேயே விட்டுவிட்டுப் பறந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

நயமாகத்தான் சொன்னேன். “அண்ணே, கையத் தொடச்சுட்டு அடிங்கண்ணே.”

“அடப் போடா, ஈரம் இருந்தாத்தான்டா தமிழ் ஒட்டும்,” என்று சிரித்தார். சிரிப்பில் ஒரு துளி என் உதட்டில் விழுந்தது.

கம்ப்யூட்டரில் கீபோர்டு மொழிக்கு இரண்டு இடம் உண்டு. உள்ளே அவரவருக்கு ஓர் அமைப்பு. கடவுச்சொல் கேட்கும் முதல் திரைக்கு, அதாவது வாசலுக்கு, தனியாக ஒன்று. உள்ளே என்ன மாற்றினாலும் வாசலுக்குத் தெரியாது. நான் வாசலைத் தமிழுக்கு மாற்றிவைத்தேன். அவ்வளவுதான். யாரையும் கைநீட்டி அடித்த பழக்கம் எனக்கில்லை.

மறுநாள் காலை அவர் கடவுச்சொல்லை எப்போதும்போல ஆங்கில எழுத்தில் அடித்தார். விழுந்ததோ தமிழ் எழுத்து, திறக்கவில்லை. திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும்? ஆயுள் முழுக்கப் புள்ளியைத் தேடிய மனிதர், வரிசையாக நின்ற புள்ளிகளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“புள்ளியெல்லாம் சரியாத்தானேடா இருக்கு?”

திரையின் ஓரத்தில் இருந்த குட்டி ‘த’வை அவர் பார்க்கவில்லை. பிழையைத் தாளில் மட்டும்தான் தேடுவார்.

உதவிக்குப் போனேன். உள்ளங்கையின் மறைவில் இரண்டு பொத்தானை அமுக்கி அந்த ஒரு தடவைக்கு மட்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, “என்ன வார்த்தைண்ணே?” என்றேன். என் காதோடு சொன்னார். காது ஈரமாயிற்று. இறந்துபோன மனைவியின் பெயர். அதை இங்கே சொல்ல மாட்டேன், எனக்கும் நாகரிகம் உண்டு. அடித்தேன், திறந்தது.

“திறந்துருச்சே. எழுத்து மாறி அடிச்சிருப்பீங்க.”

முதலாளியின் மகள் வந்து உள்ளே எல்லாம் அலசிப் பார்த்தாள். “இங்கிலீஷ்லதானே இருக்கு. மெஷின்ல ஒண்ணுமில்ல அங்கிள்,” என்றாள். மறுநாள் காலை போட்டால் மறுபடி பழைய கதை. தினமும் நான் போய்த் திறந்துவிடுவேன்.

“அவ பேரையாடா எனக்கு அடிக்கத் தெரியல?” என்றார் ஒருநாள்.

“வயசாச்சில்லண்ணே,” என்றேன். ஆறுதலாகத்தான்.

பிறகு தாளிலும் தடுமாறினார். இருக்கிற புள்ளியைக் கோடு போட்டு அடித்தார், வேண்டாத இடத்தில் வைத்தார். முதலாளி சொல்லியனுப்ப, மகன் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் மனைவியின் பெயரைக் கேட்டதும், “அதுதான் சார் மறந்துபோச்சு,” என்று அழுதாராம். பெயர் வாய்வரை வந்திருக்கும். அதுதான் சரியென்று சொல்லத் தைரியம் வந்திருக்காது. முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள்.

போய்ப் பார்த்தேன், எனக்கென்ன நெஞ்சில் ஈரமில்லையா? அவர் கையில் இன்னும் இருந்தது. அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உனக்குத் தெரியுமேடா. அவ பேரு என்ன?”

சொன்னேன். ஓர் எழுத்தை மட்டும் மாற்றிச் சொன்னேன். உதட்டுக்குள் இரண்டு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, ஆமா, அதேதான்,” என்று முகம் மலர்ந்தார். ஒரு மனிதருக்குச் சந்தோஷம் கொடுத்திருக்கிறேன். வெளியே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

அவர் வேலையை விட்ட அன்று மாலையே வாசலை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன். திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரு டிக், முடிந்தது வேலை. செய்தது நான்தான். சுத்தத்துக்காகச் செய்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் போன கையோடு முதலாளி புதுக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். இன்றுவரை என்னைத் தவிர வேறு யார் விரலும் அதில் பட்டதில்லை.

இன்று காலை அதன் ஸ்பேஸ்பார் ஒட்டிக்கொண்டது.