நடுத்தர வருமான வரிசையில் ஓர் ஆய்வுக் கட்டுரை

நான் நீட்டிப் பேசுவேன் என்று தெரிந்தும் துணிந்து ஒலிவாங்கியைத் தந்திருக்கும் தலைவர், நூலகர் புஷ்பவதி அம்மையார் அவர்களே, முன்வரிசைக் கதிரைகளுக்கு அழகூட்டும் மூத்தோர்களே, வெருகல் முதல் கிண்ணியா வரையிருந்து வெயிலை வென்று வந்திருக்கும் தாய்மார்களே, தேத்தண்ணி வரும் வாசலையே பார்த்திருக்கும் தம்பிமாரே, யாவருக்கும் ஸலாமும் வணக்கமும்.

உலக ஆய்விதழ்களை வாசிக்கும் அறையொன்றை இந்த நூலகம் இன்று திறக்கிறது. அதில் இறால் வளர்க்கும் அபூதாஹிருக்கு என்ன வேலை என்கிறீர்களா? சொல்கிறேன்.

டொலரும் இல்லை, டீசலும் இல்லை என்றிருந்த இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு. என் குளத்து இறால்கள் வெளிறின, வாடின, செத்துக் கரையொதுங்கின. கடல்வள விரிவுரையாளர் ரிப்காவிடம் ஓடினேன். தேடினார், கண்டார். அதே நோயைப் பற்றிய கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் இருந்தது. ஆய்வுக்கு நீர் எடுத்தது எங்கே? எங்கள் தம்பலகாமக் குடாவில். ஓம், சிரியுங்கள், நானும் சிரித்தனான். எங்கள் நீர், எங்கள் சேறு, எங்கள் இறால். வாசிக்க மட்டும் டொலர்.

ரிப்காவின் பல்கலைக்கழக வளாகத்தால் அந்த இதழுக்குச் சந்தா கட்ட ஏலாது. ஏழை நாடுகளுக்கு உள்ள சலுகையைக் கேட்டு ரிப்கா பதிப்பகத்துக்கு எழுதினார். பதில் அவருடைய கைப்பேசிக்கு வந்தபோது இருவரும் சமையல் காஸ் வரிசையில் நின்றோம். வாசித்துவிட்டு, அண்ணனிடம் முறையிடுவதுபோல் என்னிடம் சொன்னார்:

"காக்கா, நாங்கள் நடுத்தர வருமான நாடாம். சலுகை இல்லையாம்."

"அந்த வருமானம் ஆரிட்ட இருக்கெண்டு கேளுங்கோ மிஸ்."

கேட்டேவிட்டார். வெறும் சிலிண்டரில் அமர்ந்தபடி, நீண்ட வரிசையும் தெரியத் தன்னைப் படமெடுத்து அனுப்பினார். கீழே எழுதினார்: "நடுத்தர வருமான நாட்டின் குடிமக்கள் இவர்கள்தாம். வருமானம் யாரிடம் இருக்கிறதென்று விசாரிக்கிறேன். வரிசை நகர்ந்ததும் அறியத் தருவேன்."

அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்த பதிப்பகத்திலிருந்து கட்டுரை மறுவாரம் வந்தது. மிச்சத் தீனி அடியில் அழுகுவதே காரணம் என்றது. தீனியைக் குறைத்தேன், நீரை மாற்றினேன். இரண்டாம் குளம் பிழைத்தது. முதற்குளம், பதிலுக்குக் காத்திருந்த நாட்களிலேயே வெறுமையாகிவிட்டது. அந்தக் கரையில் நின்று நான் அழுததைப் பார்த்த ரிப்கா, அன்றிலிருந்து விடவில்லை. மடல் மேல் மடல் எழுதி, இந்த நூலகம் உட்பட எங்கள் நிறுவனங்கள் தாங்கக்கூடிய சந்தாவை வாங்கியே தந்தார்.

சிரித்தது போதும், இனிக் கேட்கிறேன். நோய் எங்களுடையது, நீர் எங்களுடையது, இழப்பும் எங்களுடையது என்றால், அறிவு மட்டும் யாருடையது? ரிப்காவுக்குப் பகிடி வந்தது, கதவு திறந்தது. பகிடி வராதவன் குளம் சாகத்தான் வேண்டுமா? சிரிக்க வைத்தால்தான் திறக்கும் கதவு எங்களுக்கு வேண்டாம். எந்த ஏழை நாட்டு மாணவர் தட்டினாலும், ஏன் வந்தாய் என்று கேளாமல் திறக்கும் கதவு வேண்டும். அதைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

மணியை எடுத்தும் அடிக்காத தலைவருக்கும், பொறுமை காத்த உங்களுக்கும் நன்றி. உள்ளே போங்கள், உட்காருங்கள், வாசியுங்கள். எல்லோரும் நலமாய் இருங்கள்.