பச்சை ஒயரு

— கையை எடுங்க அங்கிள்.

— எடுத்துட்டேன்.

— இப்போ?

— மறுபடியும் ங்ஙொய்ங்னு கத்துது.

— திரும்ப அந்த ஆம்ப்ளிபயர் மேலயே வைங்க.

— வெச்சுட்டேன். தோ, அடங்கிடுச்சு. இந்த ஊட்ல எனக்கு அடங்குற ஒரே ஜீவன் இதாம்மா.

— சிரிக்காதீங்க. நீங்க இப்ப அதுக்கு எர்த்தா நிக்கிறீங்க.

— இன்னாவா நிக்கிறேன்?

— எர்த்து. பெட்டியில கசியிற கரண்ட்டு மண்ணுக்குப் போவ வழி தேடுது. வழி இல்ல, பாட்டுக்குள்ள பூந்து கத்துது. நீங்க தொட்டா உங்க ஒடம்பு வழியா எறங்குது.

— தோ பாரு ஏஞ்சலு, நான் ரோலிங் மில்லுல எட்டு மணி நேரம் இரும்புச் சத்தம் கேட்டுகினு வரவன். ஊட்டாண்ட வந்து ரெண்டு பாட்டு கேட்டாதான் சோறு எறங்குது. பெட்டியைக் கட்டிப் புடிச்சிகினா கேப்பாங்க? ஸ்பீக்கரு போயிருக்கும், மாத்திக் குடு.

— ஸ்பீக்கர் நல்லா இருக்கு. டிவி ஒயரைப் புடுங்கிப் பாத்தாச்சு. பிரிட்ஜு, ஃபேனு, சார்ஜரு எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் பாத்தாச்சு. சத்தம் போவல. வெயிட் பண்ணுங்க, இந்த குண்டு பல்பை பிளக்குல சொருவுறேன். கீழ ரெண்டு ஓட்டையில எரியுதா?

— எரியுது.

— இப்ப ஒரு முனையை மேல இருக்கிற பெரிய ஓட்டைக்கு மாத்துறேன்.

— எரியல.

— எரியணும் அங்கிள். உங்க ஊட்டுக்கு எர்த்தே இல்ல. பிரிட்ஜைத் தொட்டா யாருக்காவது சுள்ளுன்னுச்சா?

— ரோஜா பாப்பா சொல்லிகினே இருந்துச்சு. தண்ணி எடுத்துகினு வாடின்னா, சுள்ளுங்குதுப்பான்னும். வேலை செய்ய டகுலு உடுதுன்னு நான் திட்டுவேன்.

— எப்பலேந்து?

— தை மாசத்துலேந்து இருக்கும். எங்க அண்ணன் ஊட்டுக்கும் எனக்கும் நடுவுல சுவரு எழுப்புனோமே, அந்தப் பேஜாரு புடிச்ச நாள்லேந்து.

— மீட்டர் பெட்டியாண்ட வாங்க. இந்தப் பச்சை ஒயரைப் பாருங்க. சுவரு மேல ஏறுது, அங்கயே நின்னுடுது. எலி கடிச்சது இல்ல. யாரோ கட்டிங் பிளேயர் வெச்சு வெட்டியிருக்காங்க.

— நான்தான் வெட்டுனேன்.

— நீங்களா?

— பின்ன? என் மீட்டர்லேந்து ஒரு ஒயரு அவன் பக்கம் போவுது. கூடப்பொறந்த அண்ணனே கரண்ட் திருடுனா பாத்துகினு இருக்கறதா? அன்னிக்கி தெருவே கூடிப்போச்சு. திருடன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். பெரியபாளையத்து ஆத்தா மேல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணான் எங்கண்ணன் அரசப்பன். அப்பவும் நம்பலியே நானு.

— அங்கிள்.

— இன்னா?

— பச்சை ஒயர்லேந்து கரண்ட்டு எடுக்க முடியாது. இத வெச்சு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்புகூட எரியாது. இது உங்க ஊட்டு எர்த்து. இது மண்ணுல எறங்குற எர்த்து குழி ரெண்டு ஊட்டுக்கும் ஒண்ணுதான். சுவரு வந்ததும் குழி அவங்க பக்கம் போயிடுச்சு.

— நல்லா பாத்து சொல்லு. ஐடிஐ படிச்சிருக்க, தேர்வாய் கண்டிகையில கம்பெனியில இருக்கன்னுதான் உன்னக் கூப்ட்டேன்.

— அங்க தினம் இதத்தான் பாக்குறேன்.

— அப்ப அவன் எதையும் எடுக்கல.

— எதையும் எடுக்கல.

— உடு. எங்க பக்கமே புதுசா ஒரு குழி போட்டுடு.

— போடலாம். டைல்ஸ ஒடைச்சு ஆளு ஒசரத்துக்குத் தோண்டணும். இருங்க, ஸ்டூலு மேல ஏறி சுவருக்கு அந்தாண்ட அந்தப் பழைய குழி எப்டி இருக்குன்னு பாக்குறேன்.

— இன்னா தெரியுது?

— குழி ஈரமா இருக்கு. எர்த்து நல்லா புடிக்க காலையில ஊத்துன தண்ணி.

— அண்ணி ஊத்துவாங்க. வேற?

— நீங்க வெட்டுனீங்களே, அந்த ஒயரு முனை. அதுக்கு பிளாஸ்டிக் கவர் சுத்தி ஆணியில மாட்டி வெச்சிருக்காங்க. மழை படாம.

— யாரு?

— யாருன்னு கேட்டா? வேப்பமரத்தாண்ட சேர் போட்டு உக்காந்துகினு இருக்காரு. நாம பேசுனது பூரா கேட்டிருக்கும்.

— நீ கேளு ஏஞ்சலு.

— நான் இன்னான்னு கேக்க? நானா வெட்டுனேன்?

— எறங்கு. தள்ளு, நான் ஏறுறேன்.

— பாத்து அங்கிள், ஸ்டூலு ஆடுது.

— அண்ணா... அந்தப் பச்சை ஒயரை கொஞ்சம் இந்தப் பக்கமா உடுறியா?