ராசம்மா கையில் கட்டிய வாட்ச்

"நான் நடந்ததா மக நெனைக்கறதெல்லாம் ராசம்மா நடந்ததுங்க" என்று முன்சீட்டுக்காரர் சொன்னதும், படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தேன். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ். அவருக்குக் கோழிப்பண்ணை, பக்கத்தில் இருந்தவர் தீவன வியாபாரி.

"சர்க்கரைக்கு நடக்கோணும்னு மக பெங்களூர்ல இருந்து வாட்ச் அனுப்புனா. தினம் எட்டாயிரம் ஸ்டெப்பு. நடந்தனா இல்லையான்னு அவ போன்லயே தெரியுமாமா. நமக்கெங்க நேரம்? பண்ணையில முட்டை பொறுக்கற ராசம்மா கையில கட்டி உட்டேன். பதினஞ்சாயிரம் காட்டுச்சு! மகளுக்குச் சந்தோசம் தாங்கல."

"கெட்டிக்காரருங்க நீங்க."

"போன வாரம் வாட்ச்சுக்கு என்னமோ அப்டேட்டுங்க. இதயத் துடிப்பு தாறுமாறா இருந்தா மகளுக்கே தகவல் போகுது. 'அப்பா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க'ன்னு ஒரே அழுகை. போயி எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன். டாக்டரு, கல்லு மாதிரி இருக்கறீங்கன்னுட்டாரு."

"அப்ப கோளாறு ராசம்மாளுக்குங்களா?"

"ஆமாங்க."

"அதுகிட்டச் சொன்னீங்களா? ரெண்டு கோழி தலை தொங்குனாலே டாக்டரைக் கூட்டியார ஆளாச்சே நீங்க."

"எங்கீங்க, தினமும் முட்டை லாரி வந்து நிக்குது. சொன்னா லீவு கேக்கும்."

சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். "கழட்டி நானே கட்டிக்கிட்டேன். இப்பத்தான் மக நிம்மதியாத் தூங்கறா."