ஜப்பான் படமும் சித்தூர் மாப்பிள்ளையும்

— சிகரெட்டு இல்ல, பாக்கு இல்ல. சரி, கொறட்ட வுடுவியா?

— கொறட்டயா? அது எதுக்குங்க பத்மினி?

— கேட்டா சொல்லணும். சுமித்ரா நைட் ஷிஃப்ட் முடிஞ்சி திருப்பதி வந்து சேர்ற வரைக்கும் இந்த ரூமுக்கு நான்தான் எல்லாம். "சித்தூர்லேர்ந்து கோவர்த்தனன்னு ஒருத்தர் வருவாரு, ஒக்கார வெச்சி நல்லா பேசு"ன்னா. நல்லாதான பேசிக்கினு இருக்கேன்?

— ரொம்ப நல்லா பேசறீங்க. கொறட்ட கெடயாது. ஆனா நான் எதுக்கு வந்தேன்னு...

— தெரியாமயா? இஸ்திரி போட்ட சட்ட, கையில ஒரு டஜன் வாழப்பழம். ஊருக்கே தெரியும்.

— அதி காதண்டி...

— தெலுங்குல நழுவாத. ஜப்பான் படம் ஏதாச்சும் பாத்திருக்கியா?

— ஒண்ணு பாத்தேங்க. அவங்க குடுத்த சிடி. ரெண்டு பொண்ணுங்க, ஒரே ரூமு, அதுல ஒருத்தி பாடுவா.

— அடிப்பாவி சுமித்ரா! சிடி வரைக்கும் போயாச்சா?

— அங்க மொதல்ல பொம்ம புஸ்தகமா வந்ததாம். அப்புறந்தான் படமா எடுத்தாங்களாம்.

— எனக்கே கத சொல்றியா? கம்பெனில ஜப்பான் பாஷ க்ளாஸுன்னு அந்தப் படத்ததான் போட்டாங்க. ஒரு வார்த்த புரியல. ஆனா நானும் அவளும் தேம்பித் தேம்பி அழுவறோம். ஜப்பான் சார் பயந்து போயி ரெண்டு பேருக்கும் ஒஆர்எஸ் கரச்சி குடுத்தாரு.

— அய்யய்யோ.

— மறுநாளே ஊருக்கு ஓடிப் போயி எங்க நைனாவோட பம்பைய தூக்கியாந்தேன். அவ பாட்டு, நான் பம்ப. அடுத்த மாசம் கம்பெனி ஆண்டு விழா மேடையில நாங்கதான். அதுக்குள்ள நீ வந்து நிக்கற, வாழப்பழத்தோட.

— பழம் வாணாம்னா வெளிய வெச்சிடறேங்க.

— கெடக்கட்டும். அந்தப் படத்துல நல்லா இருந்த பொண்ணுங்க நடுவுல ஒருத்தன் வந்தான் பாரு, நீட்டு முடிக்காரன். அதோட ரூமு போச்சி, பாட்டு போச்சி, ஆளுக்கொரு பக்கம் போயிட்டாளுங்க. நீதான் அவன்.

— எனக்கு முடியே கம்மிங்க.

— சிரிக்க வெக்காத. பாலசமுத்திரத்துல கரும்புக் கொல்லையில கூலிக்கி நின்னுக்கினு இருந்தேன். கையப் புடிச்சி இட்டாந்து வேலைல சேத்தவ அவ. அவ போயிட்டா இந்த நாலு செவுத்துக்குள்ள நான் யாரோட துன்றது, யாரோட சண்ட போடறது?

— அவங்களும் அதத்தாங்க சொன்னாங்க. பத்மினிய நெனச்சாதான் பயமா இருக்குன்னு.

— பயமா இருக்கில்ல? அப்ப பாடு.

— நானா?

— பொண்ணு பாக்க வந்தா பொண்ணதான பாடச் சொல்றீங்க? இங்க மாப்பிள்ளதான் பாடணும்.

— மாப்பிள்ளயா? ஏங்க, நீங்க என்ன...

— பேச்சே கெடயாது. இந்தா, பம்பைய எடுத்துட்டேன். அந்தப் படத்துப் பாட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு...

— சரிங்க, பாடறேன். தப்பா இருந்தா சொல்லுங்க.

— நிறுத்து! நிறுத்துய்யா! அவ எந்த எடத்துல மூச்சு வாங்குவாளோ, அதே எடத்துல நீயும் வாங்கற. ஒக்காந்து கத்துக் குடுத்திருக்கா!

— போன்லதாங்க. மூணு வாரமா.

— மூணு வாரமா! எனக்குத் தெரியாம! தேதியும் குறிச்சாச்சா?

— குச்சிய மொதல்ல கீழ வெய்ங்க, சொல்லிடறேன். எனக்கு போன தையிலயே கல்யாணம் ஆயிடுச்சி. சித்தூர்ல ஆர்கெஸ்ட்ராவுல பாடறவன் நான்.

— அப்ப கொறட்டைக்கெல்லாம் எதுக்குய்யா பதில் சொன்ன?

— சேத்துக்கறதுக்கு முன்ன எல்லாரயும் கேப்பீங்கன்னு நெனச்சேன்.

— எதுல சேத்துக்கறதுக்கு?

— உங்க பாட்டுலதாங்க. அவங்களுக்கு பதிலா.

— அவளுக்கு இன்னா கேடு? பாடறதுக்கு அவ இருக்கா இல்ல?

— உங்க மூஞ்சிய பாத்து சொல்ல அவங்களுக்கு வாய் வரலீங்க. அவங்க பொட்டி ரெண்டு வாரமா எங்க வூட்லதான் இருந்தது. நைட் ஷிஃப்ட்டெல்லாம் கெடயாதுங்க. கம்பெனி அவங்கள மூணு வருசத்துக்கு ஜப்பான் அனுப்புது; இந்நேரம் ஃப்ளைட்டு மெட்ராஸ தாண்டியிருக்கும்.